குளத்தங்கரைக்குக் கட்டிய அட்டைப்பெட்டிகள்

எங்கள் மச்சானுக்கு ஒரு குளம் வேண்டியிருந்தது. சும்மா பார்த்துவிட்டு வருகிற குளம் இல்லை. வண்டியைக் கொண்டுபோய்க் கரையில் நிறுத்தி, அதிலேயே சோறு பொங்கித் தின்று, அதிலேயே படுத்து எழும்புகிற மாதிரி ஒரு குளம். திருநெல்வேலிச் சீமையில் குளத்துக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் அவருக்கு லேசில் ஒன்றும் பிடிக்கவில்லை. பெண் பார்க்கிற கணக்கில் ஒவ்வொரு குளமாகப் போய்ப் பார்த்து குளத்துக்கொரு குற்றம் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை.

மச்சான் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. மாமி மகன், அதனால் சின்ன வயதிலிருந்தே மச்சான்தான். எங்களுக்குப் பேட்டையில் வீடு. கல்லூரியில் படிக்கிற ஒரே மகள். மச்சான் சபுராளி, அதாவது கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போனவர். இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டுக்குக் கார் ஓட்டிவிட்டு, போன ஆடியில் எல்லாம் முடித்துக்கொண்டு வந்தார். முடித்துக்கொண்டு வந்தாச்சு என்ற பேச்சுக்கு எங்கள் தெருவில் ஒரு மதிப்பும் கிடையாது. அப்படிச் சொன்னவர்கள் பாதிப் பேர் அடுத்த வருஷமே திரும்பப் போயிருக்கிறார்கள்.

அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர்களுக்குக் குளிர்காலம் வந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாதாம். கேரவன் என்று ஒரு வீட்டையே சக்கரத்தில் வைத்து, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடுவார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே. எந்த மணலில் நிறுத்துவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் ஓடும் என்றெல்லாம் பார்த்து இடம் பிடிக்கிற சோலி எங்கள் மச்சானுக்கு. முதலில் தனியாகப் போய் இடம் பார்த்து, கூடாரம் அடித்து, ஜெனரேட்டரை மாட்டிவிட்டு, அப்புறம் வந்து குடும்பத்தைக் கூட்டிப்போவார். அந்த வீட்டுப் பிள்ளைகள் இவர் அடித்த கூடாரத்தில் வளர்ந்தார்கள். என் மகள் இவரைப் போனில் பார்த்து வளர்ந்தாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன்.

அங்கே கூடாரம் போடுகிற மாதங்கள்தான் இங்கே கார்த்திகை, மார்கழி, தை. அந்த மாதங்களில் அவருக்கு லீவே கிடைக்காது. முதலாளி குடும்பம் வெயிலுக்குப் பயந்து குளிர்நாட்டுக்குப் போகும்போதுதான் இவரை ஊருக்கு விடுவார்கள். அதனால் கல்யாணம் ஆனதிலிருந்து நம்ம ஊர்க் குளங்கள் நிறைந்து கிடப்பதை அவர் பார்த்ததே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் ஆடு மேய்கிற பொட்டல்தான்.

இந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. வள்ளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் வரும்போது, ரோட்டை ஒட்டி ஒரு குளம் கரை தளும்பக் கிடந்தது. "ஏளா, இங்க பாரு, இங்க பாரு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"குளம்தான் மச்சான்" என்றேன்.

"இது சும்மா கெடந்த எடம்லா. இவ்வளவு தண்ணியா நிக்கும்?"

"வருசா வருசம் நிக்குது. நீங்கதான் இல்ல."

அவர் வீடு வந்து சேரும்வரை ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவர் மேல் ஒரு இரக்கம் வந்தது. சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றுகூட இருந்தது.

மறு வாரமே ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நான் தலையில் கை வைத்தேன். சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பேட்டைத் தொழிற்பேட்டையில் தெரிந்த ஒரு வெல்டிங் பட்டறையில் வண்டியை விட்டார். பட்டறை அண்ணாச்சி, "என்ன வே, இட்லிக் கடை போடப் போறீரா?" என்று கேட்டாராம். கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் வேனுக்குள் அடுப்பு வைத்தால் அது இட்லிக் கடைதான். நான்கூட உள்ளுக்குள் அப்படி ஏதாவது யாவாரம் செய்யப்போகிறாரோ என்று ஆசைப்பட்டேன். ஆனால் மச்சான் அங்கேயே பழிகிடந்து, பலகைக் கட்டில், மடக்கு மேஜை, கூரையில் தண்ணீர்த் தொட்டி, பக்கவாட்டில் இழுத்துவிடுகிற தார்ப்பாய் என்று ஒவ்வொன்றாகச் செய்வித்தார். "யாருக்காக இந்தக் கோட்டித்தனம்?" என்று கேட்டேன். "அவங்களுக்கு எல்லாம் எடம் பாத்துக் குடுத்தேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒரு தடவையாவது பாக்க வேண்டாமா?" என்றார். அதற்கு மேல் நான் என்னத்தை ஏச.

வண்டி பட்டறையில் கிடக்கும்போதுதான் பழைய முதலாளி போன் போட்டார். புதிதாக வந்த டிரைவர் கேரவனை இழுத்துக்கொண்டு போய் மணலில் புதைத்துவிட்டானாம். இடம் பார்க்க ஆள் இல்லை, விசா அனுப்புகிறேன், வா என்கிறார். நான் அடுப்படியில் உள்ளி, அதாவது வெங்காயம், உரித்துக்கொண்டிருந்தேன். மச்சான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "வரச் சொல்லுதார்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குடும்பத்தோட ஒரு பயணம் இருக்கு. அத முடிச்சிட்டுச் சொல்லுதேன்னேன்."

"ம்" என்றேன். வேறென்ன சொல்ல. எங்கள் வீடுகளில் பயணம் கிளம்புகிறவரைப் போகாதீங்க என்று சொல்ல மாட்டோம். குறுக்கே ஒரு வார்த்தை விழுந்தால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று ஒரு பயம். அழுவதென்றால் அடுப்படியில் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பாத்துப் போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. வந்ததிலிருந்து அவர் வீட்டில் விருந்தாளி மாதிரிதான் இருந்தார். பிரிட்ஜைத் திறக்கக்கூட என் முகத்தைப் பார்ப்பார். வெள்ளன எழுந்து வாசலில் போய் நிற்பார், கழுவுவதற்குக் கார் இருக்காது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. இத்தனை வருஷம் நான் வைத்ததே சட்டம் என்று ஓடிய வீடு. அதை அங்கன வைக்காதீங்க, இதை இங்கன வைக்காதீங்க என்று நாள் முழுக்க அவரோடு மல்லுக்கட்டுவேன். இந்த மனுஷனுக்கு இங்கே இடமில்லை என்று தோன்றித்தான் திரும்பப் போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் பதைக்கும். போகக் கூடாது, இனி ஒரு நாள்கூட இவரை விட்டு இருக்க முடியாது என்று இருக்கும். அதே வாயால், தலையைத் துவட்டிய துண்டை ஏன் நாற்காலியில் போட்டீங்க என்று ஏசுவேன்.

ஆக, குளம் பார்க்கிற படலம் ஆரம்பித்தது. மகளுக்கு வாப்பாவிடம் முதலில் ஒரு கூச்சம் உண்டு. போனில் கலகலவென்று பேசியவள், நேரில் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு போவாள். இந்தக் குளத் தேட்டம்தான் இரண்டு பேரையும் ஒன்றாக்கியது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவள் போனில் வரைபடத்தை விரிப்பாள், இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். நீலமாய்த் தெரிகிற ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப்போய் நேரில் பார்த்துவிட்டு வருவார்கள்.

மணிமுத்தாறு அணைதான் முதலில். இடம் ராஜா மாதிரி இருக்கிறது என்றார்கள். ஆனால் பொழுது சாய்ந்ததும் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிடுகிறார்கள். மேலே முழுக்கக் காடு. ராத்திரி தங்கக் கூடாது என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கத்தான் செய்யும்.

அடுத்தது கூந்தன்குளம். அங்கிருந்து திரும்பி வரவே மகளுக்கு மனமில்லை. எங்கிருந்தெல்லாமோ பறவை வந்து இறங்கி, வீட்டு வாசல் மரத்தில்கூடக் கூடு கட்டியிருக்கிறதாம். பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது. "அங்க போயி நம்ம வண்டிய நிறுத்தி லைட்டப் போட்டு, சட்டி பானைய உருட்டினா நல்லாவா இருக்கும்?" என்றார் மச்சான். இரண்டு பேரும் ஒரே மனதாக அதை வேண்டாம் என்று வைத்தார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ராதாபுரம் பக்கம் ஒரு பெரிய குளத்துக்குப் போய்விட்டு டயரில் உடைமர முள்ளோடு திரும்பி வந்தார்கள். சுற்றிலும் பனை, நல்ல காற்று, கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். ஆனால் கரையில் வண்டி ஏறினால் திரும்ப வழியில்லை. "உள்ள எவனும் போயிருவான். திருப்புததுக்கு எடம் இருக்கான்னு முதல்ல பாக்கணும்" என்று மகளுக்குப் பாடம் நடந்தது. பாதையே முள்ளாய்க் கிடக்கிறது என்பதைப் பாடம் நடத்தியவர் பார்க்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கதையை மகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு அவளே போனில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மலையடிவாரத்தில் ஒரு ரிசார்ட்டாம், ஏரிக்கரை கேரவன் முகாம் என்று படம் போட்டு, ஏரியில் நிலா மிதக்கிற மாதிரி இருந்தது. இதற்கு நானும் கூடப் போனேன். கேரவன் நிறுத்துமிடம் என்று அவர்கள் காட்டியது ஒரு சிமென்ட் தரை. முன்னால் காம்பவுண்டுச் சுவர். சுவரில் ஒரு அன்னப் பறவை படம். ஏரி எங்கே என்று கேட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் என்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நீச்சல் குளம், அதைச் சுற்றிக் காதைப் பிளக்கிற பாட்டு. மச்சான் ரொம்ப மரியாதையாக, "நல்லா இருக்கு, யோசிச்சுச் சொல்லுதோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, "சவம், இதுக்கு நம்ம வீட்டு மாடியிலயே படுத்துக்கலாம்" என்றார்.

திரும்புகிற வழியில் டீ குடிக்க ஒரு கடையில் நின்றோம். அந்தக் கடைக்குப் பின்னால்தான் நாங்கள் தேடிய இடம் இருந்தது. ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே நீங்கள் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள். அம்பாசமுத்திரம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குளம். மறுகரைக்குப் பின்னால் நேரே மலை. குளத்துக் கரையை ஒட்டி, நெல் அடித்துக் காயப்போடுகிற சிமென்ட் களம் ஒன்று. அறுப்பு பங்குனியில்தான், அதுவரை களத்துக்கு வேலை கிடையாது, காலியாகக் கிடந்தது.

மச்சான் களத்தைச் சுற்றி வந்தார். ஓரத்து மண்ணைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தார். ஒரு பிடி புழுதியை அள்ளி மேலிருந்து விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். டீக்கடைத் தம்ளரில் தண்ணீர் வாங்கித் தரையில் ஊற்றி, அது ஓடுகிற வாட்டத்தைப் பார்த்தார். லாரி வந்து நெல் ஏற்றிப்போகிற களம் என்பதால் வண்டி திரும்பத் தாராளமாக இடம் இருந்தது. நான் அவரைக் கல்யாணம் முடித்து இத்தனை வருஷம் ஆகியும் அவர் வேலை செய்து பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த மனுஷனையா நான் பிரிட்ஜைத் திறக்காதீங்க, மூடுங்க என்று ஏசிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது. களத்துச் சொந்தக்காரர் பக்கத்து வயலில்தான் நின்றார். "தாராளமா வந்து தங்குங்க அண்ணாச்சி. குப்பைய மட்டும் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான் சாமான் கட்ட உட்கார்ந்தேன். இங்கேதான் கூத்து. மச்சான் மச்சில் கிடந்த அட்டைப்பெட்டிகளைத் தட்டி இறக்கிக்கொண்டு வந்தார். நான் அடுக்க அடுக்க, அவர் பிடித்து அமுக்கினார். முறுக்கு, அல்வா, ஊறுகாய். எண்ணெய் பாட்டிலுக்கு உறை மேல் உறை. அரிசி, மசாலா, சுக்குக் காப்பிப் பொடி. இடுக்கிலெல்லாம் துணியைச் செருகினேன். அவர் டேப்பைக் கிழித்து ஒட்டி, கயிறு போட்டு இறுக்கி, கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்து, "எடை சரியா இருக்கு" என்றார். "கூடக் கொஞ்சம் அல்வா வைக்கவா?" என்றேன். மார்க்கர் பேனாவை எடுத்துப் பெட்டியின் நான்கு பக்கமும் தன் பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதினார். இரண்டு பேருக்கும் ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. எங்களுக்குப் பெட்டி கட்டத் தெரிந்த விதம் அது ஒன்றுதான். ஒவ்வொரு லீவு முடிவிலும் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே வேலையும் அதுதான்.

விடிந்ததும் பெட்டிகளைத் தூக்கி வேனில் ஏற்றினோம். முடுக்கில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் பெயர் எழுதிக் கயிறு கட்டிய பெட்டி வேனில் ஏறினால் அந்த வேன் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குத்தான் போகும். எதிர்வீட்டு லாத்தா, எனக்கு அக்கா முறை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். "என்ன தம்பி, சொல்லாமக் கொள்ளாம கெளம்பிட்டீங்க? செத்த நில்லுங்க" என்று உள்ளே ஓடி, ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மச்சான் கையில் கொடுத்தார்கள். அவர்கள் மகனும் அதே நாட்டில்தான் இருக்கிறான். "இத மட்டும் அவன்ட்ட சேத்துருங்க. அவனுக்கு இடியாப்பம்னா உசுரு. வறுத்த மாவு."

இல்லை லாத்தா, நாங்க குளத்துக்குப் போறோம் என்று மச்சான் சொல்வார் என்று பார்த்தேன். அவர் பொட்டலத்தை வாங்கி, டிரைவர் சீட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, "சேத்துருதேன் லாத்தா" என்றார்.

ஆக, போக முடிவு செய்துவிட்டார். இந்தப் பயணமே அதற்கு முன்னால் எங்களுக்குக் காட்டுகிற ஒரு தயவு. ஒரு தடவையாவது என்று சொன்னாரே, அந்த ஒரு தடவை இதுதான்.

சேரன்மகாதேவி தாண்டி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று வயல். மகள் பின்னால் புதுக் கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள். மச்சான் அந்தக் குளத்தைப் பாரு, இந்தக் கொக்கைப் பாரு என்று ஒன்று மாற்றி ஒன்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ம், ம் என்று வந்தேன். வாயைத் திறந்தால் ஏச்சு வருமா அழுகை வருமா என்று எனக்கே தெரியவில்லை.

களத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடித்ததும் மச்சான் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மடக்கு நாற்காலியை விரித்து, துண்டால் தூசி தட்டி, "உக்காரு" என்றார் என்னிடம். அந்த வீட்டு அம்மாவுக்கும் இப்படித்தானே தட்டிப் போட்டிருப்பார் என்று நினைத்தபோது எனக்குத் துக்கம் இன்னும் கூடியது. மத்தியானத்துக்குக் கொண்டுபோன எலுமிச்சஞ்சோற்றில் என் பங்கை அப்படியே மூடி வைத்துவிட்டேன். மகள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு கரையிலேயே கிடந்தாள்.

சாயங்கால அஸர் தொழுதுவிட்டு ராத்திரிச் சமையலுக்கு நான் பெட்டியைப் பிரித்தேன். சோறும் கறி ஆணமும் வைப்பதாகத் திட்டம். குழம்பை நாங்கள் ஆணம் என்போம். அரிசியைக் கழுவி வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினேன். இல்லை. லைட்டரைத் தேடினேன். இல்லை. சரி, உள்ளியை நறுக்குவோம் என்றால் கத்தி இல்லை. கத்தரிக்கோல் இல்லை. ஆணத்துக்கு அரைத்து ஊற்றக் கசகசா இல்லை. அடுத்த பெட்டியையும் பிரித்துக் கொட்டினேன். அதிலும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பெட்டியில் தீப்பெட்டி வைத்தால் ஏர்போர்ட்டில் எடுத்து எறிவார்கள். கத்தியும் அப்படித்தான், எதற்கு வம்பு என்று வைப்பதே இல்லை. கசகசாவை எடுத்துப்போனால் அந்த நாட்டில் இறங்கியதும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று, பெட்டி கட்டுகிற அன்றைக்கு அந்த டப்பாவையே நான் பரண் மேல் ஏற்றிவிடுவேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் என் கை தானாக எல்லாவற்றையும் ஒதுக்கியிருக்கிறது. குளத்தங்கரைக்குச் சோறு பொங்கப் போகிறவள், புருஷனை விமானத்தில் ஏற்றுகிற கணக்காகப் பெட்டி கட்டியிருக்கிறேன்.

"மச்சான்" என்று கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். தீப்பெட்டி இல்லை, கத்தி இல்லை, கசகசா இல்லை என்று சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், தான் எழுதிய பெயரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மகள் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு, மடையைப் பார்க்க வந்த களத்துக்காரரும் வந்து நின்றார். "தீப்பெட்டி இல்லாமலா அண்ணாச்சி சோறு பொங்க வந்தீக?" என்று பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு, உள்ளி நறுக்கத் தன் அரிவாளையும் கொடுத்தார். போகும்போது அவர் தோளும் குலுங்கிக்கொண்டே போனது.

அரிவாளால் உள்ளி நறுக்கியிருக்கிறீர்களா? நான் நறுக்கினேன். அடுப்பில் சோற்றை ஏற்றிவிட்டு நறுக்கிக்கொண்டே அழுதேன். மகள் மறுபடி தண்ணீருக்குப் போய்விட்டாள். மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"உள்ளியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். "லாத்தா பொட்டலத்த ஏன் வாங்கினீங்க?"

"நீ பக்கத்துலதான நின்ன" என்றார் பைய. "அவரு போகல லாத்தா, இங்கதான் இருக்கப் போறாருன்னு ஒரு வார்த்த சொல்லுவியான்னு பாத்தேன். நீ ஒண்ணும் சொல்லல. வாங்கி வச்சேன்."

"நான் எப்படிச் சொல்ல? போறவரத் தடுக்கப்படாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"முதலாளி கூப்பிடுதார்னு சொன்னப்பவும் நீ ம்முன்னுதான சொன்ன. சரி, இவ அனுப்பத்தான் நெனைக்கான்னு இருந்தேன். நானும் வீட்டுல ஒனக்கு எடஞ்சலாத்தான இருக்கேன்."

அரிவாளைக் கீழே வைத்தேன். வைத்திராவிட்டால் வேறு ஏதாவது ஆகியிருக்கும். "கூறு இருக்கா மச்சான் உங்களுக்கு? எடஞ்சலாம் எடஞ்சல். எடஞ்சலா இருங்க. நாற்காலியில துண்டப் போடுங்க, நான் ஏசுதேன். அதுக்குத்தான் இத்தன வருசம் காத்துக் கெடந்தேன். போகாதீங்க. எனக்கு நீங்க வேணும், இங்கன, வீட்டுல. போகாதீங்க."

சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். சொன்னதும் பயமாக இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கையிலும் உள்ளி நாற்றம். மகள் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அவர் எழுந்து போனை எடுத்துக்கொண்டு கரை மேல் நடந்தார். அங்கே நின்று அரபியில் பேசினார். எனக்கு அரபி ஓதத் தெரியும், பேசினால் விளங்காது. ஆனால் லா என்றால் இல்லை என்று ஓதுகிற எல்லோருக்கும் தெரியும். லா, லா என்று அவர் சொல்வது காற்றில் கேட்டது. நடுவில் வெகுநேரம் அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் ஏதோ சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது, மக்ரிபு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும், "கோவிச்சுக்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. நல்ல மனுசன். வீட்டுக்காரி போக வேண்டாம்னு சொல்லுதான்னு சொன்னேன். அதுக்கு ஒண்ணு கேட்டார்."

"என்ன?"

"இத்தன வருசமா ஒரு தடவகூட அவ இப்படிச் சொல்லலையான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மச்சான் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அவட்டக் கேட்டதே இல்லன்னு சொன்னேன்" என்றார்.

அப்போதுதான் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். சோறு அடிப்பிடித்துக் கரியாகக் கிடந்தது. மேலாக இருந்ததை மூன்று பேரும் வழித்துத் தின்றோம்.